நாளைய மருத்துவரை இன்றே அறிய முடியுமா?

கப்பலூர் தொழிற்பேட்டையைக் கடந்து தோப்பூர்ப் பக்கம் செல்லும்போதெல்லாம் நம் பெற்றோர் பலருக்கு ஓர் எண்ணம் எழாமலிராது. எய்ம்ஸ் மருத்துவமனைக்கென 2019 சனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற இடம் அது. அதன் முதல் 50 மாணவர்கள் 2022-இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கினர். "நம் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைக்குமா?" என்று நாம் கேட்கிறோம். "நாளை நம் நாடியைப் பிடித்துப் பார்க்கப் போகிறவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள்?" என்று கேட்பவர் மிகக் குறைவு. நம்மில் மருத்துவராகிறவர் சிலரே, நோயாளியாகாதவர் எவர்?

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. யாரை எடுப்பது என்ற சிக்கல் அன்று முதலே அந்நிறுவனத்தை விட்டதில்லை. பிற்காலத்தில் அங்கு ஒரு வழக்கம் வேரூன்றியது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வேலூருக்கே வரவழைத்து, சில நாள்கள் அவர்களுடன் உரையாடுவர். குழுவாகச் சேர்ந்து செய்யும் பணிகளைக் கொடுத்துக் கவனிப்பர். பிறர் பேசும்போது ஒருவன் காது கொடுக்கிறானா, தோற்றபின் முகம் சுளிக்கிறானா என்பதை விடைத்தாள் காட்டாதல்லவா? திருச்சபைகளின் பரிந்துரையில் சேர்ந்தவர்கள், படிப்பு முடிந்ததும் அச்சபைகளின் மருத்துவமனைகளில் 2 ஆண்டுகள் பணிபுரியும் கடமையையும் ஏற்றனர்.

பின்னர் நீட் வந்தது. தன் தேர்வுமுறையைக் கைவிட மனமின்றி, 2017-இல் அக்கல்லூரி 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொண்டு எஞ்சிய 99 இடங்களையும் காலியாக விட்டது. சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பளித்தது.

வேலூருக்காக வருந்துவோர் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண்கள் இருந்தன. விளையாட்டு, உடல் உறுதி, பொதுத் திறன் எனப் பிரிவுகள் வகுத்திருந்தும், அவற்றிற்குத் தனித்தனியே மதிப்பெண் இடாமல் குழுவினர் மொத்தமாக இட்டனர். பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தவறெனக் கண்டது. சிபாரிசுக் கடிதம் தேடி அலைந்த தந்தையரை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

சரி, நேர்மையாகவே நடத்தினாலும் நேர்முகம் எதிர்காலத்தைச் சொல்லுமா? 1979-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்த பின்னர், இன்னும் 50 பேரைச் சேர்க்குமாறு டெக்சாஸ் சட்டமன்றம் பணித்தது. நேர்முகம் கண்ட 800 பேரில் நல்ல இடம் பெற்றோர் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியோர் வரிசையின் கடைக்கோடியில் இருந்தவர்களே. வேறு வழியின்றி அவர்களை எடுத்தார்கள். படிப்பிலும், பட்டம் பெற்றபின் முதலாண்டுப் பயிற்சியிலும், முதலில் எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1987-இல் ஆய்வு வெளியாயிற்று. கூடி அமர்ந்து வரிசையிட்ட பேராசிரியர்கள் எவ்வளவு கூசியிருப்பார்கள்!

ஆயினும் நேர்முகத்தையே தள்ளிவிட நாம் துணியமாட்டோம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வேறொரு முறையை வெளியிட்டனர். ஒரே குழுவின் முன் நெடுநேரம் அமர்த்தாமல், பல அறைகளில் சில நிமிடங்கள் வீதம், ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு மதிப்பீட்டாளர் முன் மாணவரை நிறுத்துவது அது. ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவை ஆட்டிப்படைக்க இயலாது. இவ்வாறு பெற்ற மதிப்பெண்கள் பிற்கால மருத்துவமனைப் பயிற்சியின் மதிப்பீடுகளோடு ஓரளவு ஒத்துவந்ததாகவும் அவர்கள் கண்டனர்.

மேற்படிப்பில்தான் நம் கவலை மிகுகிறது. அமெரிக்காவில் மேற்பயிற்சிக்கு வரும் மருத்துவரை அந்தந்த மருத்துவமனையே நேரில் கண்டு வரிசையிடுகிறது. இங்கோ, 200 வினாக்களுக்குச் சரியான விடையைத் தெரிவுசெய்யும் தேர்வும், அதன்வழிக் கலந்தாய்வுமே பெரும்பாலும் வழி. 2023 செப்டம்பரில், காலியிடங்களை நிரப்புவதற்காக, தகுதிக்குரிய சதமானமே பூச்சியமாக்கப்பட்டது. கத்தியை ஒருவர் எவ்வாறு பிடிக்கிறார், அழும் தாயிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதை அறுவைத் துறைப் பேராசிரியர் முதன்முறை காண்பது, அவர் வந்து சேர்ந்த பின்னர்தான்.