நடக்க மறுக்கும் பாதம்

பாட்டியின் பழம் புடைவையைத் தூக்கி எறிய எந்த வீட்டில்தான் மனம் வரும்? தலைப்பு கிழிந்திருந்தாலும் உடல் நைந்திராது. தொட்டால் பூவாக இருக்கும். அதைச் சதுரம் சதுரமாக நறுக்கி இணைத்து, அடியில் ஒரு பருத்தித் துணி கொடுத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைத்தால் பேரன் பேத்திகளுக்கு அருமையான போர்வை ஆகிவிடும். வங்காளத்துப் பெண்கள் ‘காந்தா’ தைப்பதும், மகாராஷ்டிரத்துப் பெண்கள் ‘கோதடி’ தைப்பதும் பழம் புடைவைகளைக் கொண்டுதான். ஆனால் அவர்கள் சாவகாசமாகக் கையால் தைப்பார்கள். நமக்கு அவ்வளவு பொறுமை ஏது? மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம்.

அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது. நாலு வரி தைப்பதற்குள் மேல்துணி சுருங்கி, கோணிக்கொண்டு போகிறது. பிரித்துத் தைக்கலாம் என்றாலோ, பழம் பட்டில் ஊசி குத்திய துளை மறைவதே இல்லை. கடையில் போய் அதே மாதிரி இன்னொரு கெஜம் வாங்க அது புதுத் துணியா என்ன?

ஏன் சுருங்குகிறது?

மெஷினில் துணியை நகர்த்துபவை ஊசித் தகட்டுக்கு அடியிலுள்ள பற்கள். அவை அடித்துணியைத்தான் கவ்வுகின்றன. மேல்துணியையோ, அழுத்தும் பாதம் சற்றே பிடித்து வைக்கிறது. ரவிக்கை, பாவாடை தைக்கும்போது இது தெரியாது. நடுவில் பஞ்சு இருந்தால், அடித்துணி முந்திக்கொள்ள, மேல்துணி பாதத்துக்கு முன்னால் அலையாகக் குவிந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ‘வாக்கிங் புட்’. சொந்தமாகப் பற்கள் உள்ள பாதம் இது. இதன் வலப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கவை, ஊசியை இறுக்கும் திருகின்மேல் உட்கார்ந்திருக்கும். ஊசி ஏறி இறங்கும்போது கவையும் ஏறி இறங்கும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுடன் சேர்ந்து துணியைக் கவ்வி நகர்த்தும். மூன்று அடுக்கும் ஒன்றாக நடக்கும். நடக்கவேண்டும்! நடக்காவிட்டால்?

முதலில் கவையைப் பாருங்கள்

வாங்கி வந்த அன்றே, “இது உபயோகமில்லை” என்று பெட்டிக்குள் போடும் சகோதரிகள் பலர். கவை திருகின்மேல் உட்காமல் அதற்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஊசியை உச்சிக்கு ஏற்றி, பாதத் தூக்கியையும் உயர்த்திக்கொண்டு, பாதத்தைப் பின்புறத்திலிருந்து செருகி மாட்டுங்கள். சட்டென்று பொருத்தும் பாதமுள்ள புது மெஷின்களில் பாதத்தை மட்டும் கழற்றினால் போதாது. அதைத் தாங்கும் துண்டையும் திருகை எடுத்துக் கழற்றவேண்டும்.

பிறகு, நூல் கோக்காமல் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஊசியோடு கவையும் ஏறி இறங்க வேண்டும். ஊசி எதிலும் இடிக்கக்கூடாது.

அளவு பொருந்துகிறதா?

எல்லாப் பாதமும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. பாதத்தைக் கீழே இறக்கி, ஊசித் தகட்டிலிருந்து பாதத் திருகின் நடு வரையில் அளந்து பாருங்கள். சுமார் முக்கால் அங்குலம் இருந்தால் குட்டைக் கால் மெஷின்; வீட்டு மெஷின்களில் இதுதான் அதிகம். ஒன்றேகால் அங்குலம் போல் இருந்தால் நெட்டைக் கால். சில மெஷின்களில் கால் சாய்வாகவே இருக்கும். அதற்குத் தனிப் பாதம். அளவைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் இரண்டாம் முறை கடைக்கு நடக்க வேண்டியதில்லை.

டக் டக், டமார்!

இந்தப் பாதம் ‘டக் டக்’கென்று சத்தம் போடும். அது அதன் சுபாவம்; பயப்படாதீர்கள். திடீரென்று ‘டமார்’ என்று இடித்தால்தான் உடனே நிறுத்தவேண்டும். அதிர்ச்சியில் பாதத் திருகு தளர்ந்து, ஊசி பாதத்தில் மோதியிருக்கும். விரலால் இறுக்கினால் போதாது, திருப்புளியால் இறுக்குங்கள். நடுவில் பாபின் மாற்றும்போதெல்லாம் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகோட்டுத் தையலில் மெஷின் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இதற்கு நேர்த்தையலே உகந்தது.

சுருக்கம் மட்டும் போகவில்லையா?

பூவேலைக்காகக் கீழ்ப்பற்களை இறக்கி வைத்துவிட்டு ஏற்ற மறந்திருக்கலாம். அதைப் பாருங்கள். அடுத்தது, பாதத்தின் அழுத்தம். மெஷின் தலையிலுள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தினால், கனத்த துணி மூச்சு விட்டு நகரும். தையலையும் சற்று நீட்டமாக வையுங்கள்; அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் போதும்.

போர்வையின் பாரமும் ஒரு காரணம். பாதிப் போர்வை மேஜையிலிருந்து தொங்கினால் அது எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். எந்தப் பாதம் என்ன செய்யும்? இடப்புறமும் பின்புறமும் ஸ்டூல் போட்டுத் தாங்குங்கள். அதற்காகக் கையால் பின்னாலிருந்து இழுத்துவிடாதீர்கள். ஊசி வளைந்து ஒடியும்.

தைக்குமுன் மூன்று அடுக்கையும் நாலங்குலத்துக்கு ஒரு ஊக்கு வைத்துப் பிணையுங்கள். பட்டாக இருந்தால் ஊக்குக்குப் பதில் நூலோட்டம் போடுவது நல்லது. முதல் வரியை நடுவில் தைத்து, அங்கிருந்து ஓரத்தை நோக்கி வாருங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும்.

பின்னோக்கி வேண்டாம்

நூல் பிரியாமலிருக்க, வரியின் ஆரம்பத்தில் மெஷினைப் பின்னோக்கி ஓட்டுவது நம் பழக்கம். இந்தப் பாதத்தின் பற்கள் துணியை ஒரே திசையில்தான் நடத்தும். பின்னோக்கி ஓட்டினால் கீழ்ப்பற்கள் ஒரு பக்கம், மேற்பற்கள் ஒரு பக்கம்! ஆரம்பத்திலும் முடிவிலும் ஐந்தாறு தையல்களை மிகப் பொடியாகப் போட்டுவிடுங்கள், பிரியாது.

தையல் விட்டுவிட்டு விழுந்தால், பாதத்தை வையாதீர்கள், ஊசியை மாற்றுங்கள். மூன்று அடுக்குக்குப் 14-ஆம் நம்பர் ஊசி சரியாக இருக்கும். இன்னும் கனமென்றால் 16. வேகத்தையும் குறையுங்கள். பஞ்சுத் துகள் பற்களுக்கிடையே அடைந்தாலும் பிடி போய்விடும். வேலை முடிந்ததும் சிறு தூரிகையால் மேலும் கீழும் துடைத்து வையுங்கள்.

ஒரு சோதனை

இத்தனையும் செய்தபின், ஒரு அடி நீளத்தில் இரண்டு பழைய துணிப் பட்டைகளை வெட்டி, நடுவில் பஞ்சு வைத்து, ஊக்குப் போடாமல் ஒரு வரி தையுங்கள். கடைசியில் இரண்டு நுனியும் ஒட்டி நின்றால் பாதம் ஒழுங்காக நடக்கிறது. மேல்பட்டை விரற்கடை மிஞ்சி நின்றால், கவை, அழுத்தம், கீழ்ப்பற்கள் மூன்றையும் மறுபடி பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், கவை தேய்ந்தோ உள்ளேயுள்ள வில் தளர்ந்தோ போயிருக்கும். வேறு பாதம் வாங்குவதே மேல்.

இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. அது முடிகிற வரையில் பாட்டியின் புடைவை பீரோவிலேயே இருக்கட்டும்.