தாக்கூரின் சால்வை

பெங்களூரிலிருந்து மைசூர் ரயிலில் போனால் சுமார் 50 கிலோ மீட்டரில் ராமநகரம் வரும். பட்டுக்கூடு சந்தைக்குப் பெயர்போன ஊர். வண்டி அங்கே நெருங்கும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் மொட்டைப் பாறைகளைக் காட்டி, "அதோ கப்பர்சிங் மலை!" என்பார்கள். 1973 அக்டோபரில் டைரக்டர் ரமேஷ் சிப்பி இந்தப் பாறைகளுக்கு நடுவேதான் 'ஷோலே' படப்பிடிப்பைத் தொடங்கினார். ராம்கர் என்ற கிராமமே செட்டாக எழுந்தது. 1975 ஆகஸ்ட் 15-ல் படம் வெளியானது.

இந்தி தெரியாதவர்கள்கூடக் கப்பர்சிங் வசனத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் சலீம்-ஜாவேத் கதையின் பெரிய சாமர்த்தியம் வசனத்தில் இல்லை. தாக்கூராக நடித்த சஞ்சீவ்குமார் போர்த்தியிருந்த சால்வையில் இருக்கிறது.

ஹோலிப் பண்டிகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொள்ளையர்கள் ஊருக்குள் பாய்கிறார்கள். ஜெய்யும் வீருவும் சிக்கிக்கொள்கிறார்கள். தாக்கூரின் காலடியில் துப்பாக்கி கிடக்கிறது. குனிந்து எடுத்தால் போதும். அவர் எடுக்கவில்லை! சிலையாக நிற்கிறார். ஆபத்து நீங்கியதும், இப்படிப்பட்டவருக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும் என்று இருவரும் கொதிக்கிறார்கள். தியேட்டரில் இருக்கும் நமக்கும் அதே கோபம்தான்.

அதன்பிறகே பழைய கதை வருகிறது. போலீஸ் அதிகாரியாக இருந்தபோது கப்பரின் கழுத்தை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தவர் தாக்கூர். சிறையிலிருந்து தப்பிய கப்பர், அவர் குடும்பத்தையே சுட்டுக் கொல்கிறான். சிறுவனைக் குறிவைக்கும் துப்பாக்கியைக் காட்டுகிறார்கள்; அவன் விழுவதைக் காட்டவில்லை. அடுத்த கணம் ரயில் வருகிறது. பரிசுப் பொருள்களோடு லீவில் வீட்டுக்கு வரும் தாக்கூர் இறங்குகிறார். முற்றத்தில் வெள்ளைத் துணி போர்த்திய உடல்கள். காற்று வீசித் துணி விலகுகிறது. ஊஞ்சல் கிறீச்சிடுகிறது. மேகமூட்டமான வெளிச்சம் வேண்டும் என்று டைரக்டர் காத்திருந்ததால் இந்தக் காட்சியைப் படமாக்குவது பல நாள் இழுத்தது.

ஆயுதமின்றி ஓடும் தாக்கூரைக் கட்டிவைத்து, அந்தக் கைகளையே கேட்கிறான் கப்பர். வாள்கள் உயர்கின்றன. வெட்டு விழுவதையும் காட்டவில்லை. கதை நிகழ்காலத்துக்குத் திரும்புகிறது. மறுபடியும் காற்று! சால்வை நழுவி விழுகிறது. தோளுக்குக் கீழே வெற்றுச் சட்டைக் கைகள் ஆடுகின்றன. பிணங்களின் மேலிருந்த துணியை விலக்கிய காற்றுதான் உயிரோடு இருப்பவரின் சால்வையையும் தள்ளிவிடுகிறது. ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் காட்டாமல் நெஞ்சைப் பிளக்கும் ஏற்பாடு இது.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் விஷயம் விளங்கும். படம் நம்மிடம் எங்கும் பொய் சொல்லவில்லை. தாக்கூர் இருக்கும் இடத்தில் வேலைக்காரர் ராம்லாலும் இருக்கிறார். நமக்குத்தான் கண் போகவில்லை. பெரிய மனிதர் பக்கத்தில் ஏவலாள் நிற்பது சகஜம் என்று விட்டுவிட்டோம். சும்மா நின்ற மனிதனுக்கு என்ன குறை என்று கேட்காமல், கோழை என்று முடிவு கட்டிவிட்டோம்.

படத்துக்கு முதலில் எடுத்த முடிவிலும் இந்தக் கணக்கு உண்டு. கையிழந்த தாக்கூர், ஆணி பதித்த காலணியால் மிதித்துக் கப்பரைக் கொல்கிறார். 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், சென்சார் இதற்கு இடம் தரவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். பழைய முடிவோடு புதுப்பித்த பிரதி 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனா திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

அடுத்த முறை 'ஷோலே' பார்க்க நேர்ந்தால், கப்பரின் துப்பாக்கியைக் கொஞ்சம் மறந்துவிட்டு ராம்லாலின் கைகளைக் கவனியுங்கள்.