கெடாயும் கடையும்: ஒரே கடலின் இரண்டு கரைகள்

பிரிஞ்சாங் கடைத்தெருவில் நடக்கும்போது பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் நின்று பாருங்க. ‘கெடாய்’ என்று எழுதியிருக்கும். அது நம்ம ‘கடை’தான். வாசலில் நிற்கும் பாதுகாவலரை மலாயில் ‘பெங்காவால்’ என்கிறோம். அதற்குள் ‘காவல்’ இருக்கிறது. வீட்டுக்குள் போனால் கட்டில், பெட்டி, திரை, கடலுக்குப் போனால் கப்பல், முகத்தில் மீசை. எல்லாம் கொஞ்சம் ஒலி மாறி மலாய்மொழியில் அன்றாடம் புழங்குகின்றன.

தமிழ்-மலாய்ப் பண்பாட்டு உறவு பற்றி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பலர் ராஜேந்திர சோழன் கடாரம் வென்றதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், ‘நாம தோட்ட வேலைக்கு வந்தவங்கதானே, நமக்கு இங்க என்ன பழைய உறவு?’ என்று கேட்கிறார்கள். இரண்டுமே அரைகுறைப் பார்வை. ஒரு படையெடுப்பு மட்டும் நடந்திருந்தால் கட்டிலும் பெட்டியும் கடன் போயிருக்காது.

இது எப்படி நடக்கும் என்று புரிய வேறொரு கடலைப் பார்ப்போம். மத்தியதரைக் கடலின் மேற்கு முனையில் ஆப்பிரிக்காவையும் ஸ்பெயினையும் பிரிப்பது சுமார் 14 கிலோமீட்டர் நீரிணைதான். 711-இல் தாரிக் இப்னு ஸியாத் படையோடு அதைக் கடந்தார். ஜிப்ரால்டர் என்ற பெயரே ‘தாரிக்கின் மலை’ என்னும் அரபுத் தொடரின் திரிபு. 1492-இல் கிரனாடா வீழ்ந்ததோடு ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிந்தது. ஆட்சி போனது, சொற்கள் போகவில்லை. ஸ்பானிய மொழியில் சர்க்கரை ‘அஸூகார்’, பருத்தி ‘அல்கொதோன்’, எண்ணெய் ‘அஸெய்தே’. ஊர்த் தலைவரைக் குறிக்கும் ‘அல்கால்தே’ கூட அரபியின் ‘அல்-காதி’தான். முன்னால் ஒட்டியிருக்கும் ‘அல்’ அரபுமொழியின் சுட்டு. சில எழுத்துகளுக்கு முன் ‘அஸ்’ என்று திரியும். ஸ்பானியர்கள் அதைச் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு, அதற்கும் முன்னால் தங்கள் சுட்டு ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்த அளவுக்குச் சொந்தமாகிவிட்டது.

மலாயிலும் இதே கதைதான். ‘காவால்’ என்று மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. மலாய் இலக்கணத்தின் ஒட்டுகளைச் சேர்த்து ‘மெங்காவால்’ (காவல் செய்தல்), ‘பெங்காவால்’ (காவலர்), ‘காவாலான்’ (கட்டுப்பாடு) என்று ஒரு குடும்பமே ஆக்கிவிட்டார்கள். ‘முதல்’ என்ற வணிகச் சொல் ‘மோடால்’ ஆகி ‘பெமோடால்’ (முதலீட்டாளர்) வரை வளர்ந்தது. ‘பல்வகை’யிலிருந்து ‘பெல்பகாய்’ வந்தது. தேர்வில் சொற்பட்டியல் மட்டும் எழுதாமல் இப்படி ஒரே ஒரு சொல்லை வேர்வரை விளக்கினாலே விடை தனியாகத் தெரியும்.

ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒலி ஒத்தால் உடனே ‘தமிழ்ச்சொல்’ என்று எழுதிவிடுவது. மலாயில் ‘மேஜா’, நம்மிடம் மேசை; அங்கே ‘அல்மாரி’, இங்கே அலமாரி; அங்கே ‘ஜெண்டேலா’, இங்கே ஜன்னல். மூன்றுமே இரு மொழிக்கும் போர்த்துகீசியர் கொடுத்தவை! அவர்கள் மலாக்காவைப் பிடித்தது 1511-இல். ‘பஹாசா’, ‘நெகாரா’, ‘குரு’ சமஸ்கிருதம், ‘பாசார்’ பாரசீகம். ஸ்பானியத்தில் அரிசியை ‘அர்ரோஸ்’ என்பார்கள். அது அரபு வழி வந்தது என்பது உறுதி. அதற்கும் பின்னால் தமிழ் ‘அரிசி’ இருக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை முடிந்த முடிபாக எழுத வேண்டாம்.

இனி வரலாறு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களோடு காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. தென்தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த பொன் உரைகல் ஒன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். படைத்தலைவன் பெயரல்ல, பொன்னை உரசிப் பார்த்த ஒரு தொழிலாளியின் பெயர். எனக்கு மெய்க்கீர்த்திகளைவிட இந்தச் சின்னக் கல்தான் பெரிதாகப் படுகிறது.

போக்குவரத்து ஒருவழியும் அல்ல. முதலாம் ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1006-இல், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டது. கட்டியவர் பௌத்தர், கொடுத்தவர் சைவர். ராஜேந்திரன் படை கடல் கடந்தது 1025-இல், விகாரம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பிறகு. அதோடு உறவு அறுந்ததா என்றால் இல்லை. 1090-இல் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, முதலாம் குலோத்துங்கன் அதே விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக எழுதுங்கள். 1025 மட்டும் தனியாக நின்றால் கதை கோணலாகிவிடும். விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது.

அந்த நாகப்பட்டினம்தான் நம் கதையிலும் வருகிறது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கிய காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் ஏறிய துறைமுகங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. இறங்கிய இடங்களில் பினாங்கு ஒன்று. கெடாவுக்கு எதிரில் உள்ள தீவு! 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தது. அதற்குள் வந்தவர்களின் பேச்சில் மலாய் ஏறிவிட்டது: ரப்பர் ‘கித்தா’ ஆனது (மலாயில் ‘கெத்தா’), கிராமம் ‘கம்பம்’ ஆனது (மலாயில் ‘கம்போங்’). மலாக்காச் செட்டிகள் இன்னும் ஒருபடி மேலே. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது விநாயகரை. அவர்களுடைய பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் 1781-இல் எழுந்தது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சின்ன வேலை. கொழுந்து பறித்த பாட்டி, தாத்தா யாராவது வீட்டில் இருந்தால், அவர்கள் பேசும் தமிழில் உள்ள மலாய்ச் சொற்களைப் பிள்ளைகள் பத்து எழுதிவரட்டும். பக்கத்திலேயே மலாயில் உள்ள தமிழ்ச் சொற்கள் பத்து. பிறகு அகராதியை எடுத்து, இரண்டு பட்டியலிலும் போர்த்துகீசியமும் சமஸ்கிருதமும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று அவர்களே கோடு போடட்டும்.