செவித்துளைக்குள் ஒரு கருவி

காதுக்குள் பொருத்தும் காதொலிக் கருவி புளியங்கொட்டை அளவே இருக்கும். மைக்ரோஃபோன், நுண்சில்லு, ஒலிபெருக்கி, பேட்டரி நான்கும் அந்தச் சிறு கூட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மைக்ரோஃபோன் வெளியொலியை வாங்குகிறது. அணிபவருக்கு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்புக் குறைவோ, அந்த இடத்தில் அந்த அளவுக்கு நுண்சில்லு ஒலியைக் கூட்டுகிறது. செவிப்பறையை நோக்கியிருக்கும் ஒலிபெருக்கி அதை உள்ளே அனுப்புகிறது. 1983இல் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் இத்தகைய கருவியை அணிந்து வெளிப்படையாகத் தோன்றிய பின், அந்நாட்டில் இதை வாங்குவோர் பெருகினர். முழுவதும் டிஜிட்டல் முறையில் இயங்கும் கருவிகள் 1990களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தன.

முதுமையில் கேட்புத்திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 உரோமச் செல்கள் உள்ளன. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்களை உணரும் செல்களே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக ஒலிக்கும். ஆனால் க, ச, த போன்ற வல்லெழுத்துகளைப் பிரித்துக்காட்டும் நுட்பமான குறிப்புகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. அதனால் கட்டு, தட்டு, பட்டு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். “சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வீட்டார் உரக்கக் கத்தினால் உயிரொலிதான் இன்னும் கனக்கும், சொல் தெளியாது.

எனவே கருவிக்கு முன்னால் பரிசோதனை வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் குறும்பி அடைப்போ சீழ்வடிதலோ உள்ளதா என்று பார்ப்பார். ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கேட்கும் எல்லையை அளந்து ஆடியோகிராம் வரைவார். லேசான, மிதமான கேட்புக் குறைவுக்குக் காதுக்குள் பொருத்தும் வகை நன்கு பொருந்தும். சீழ் வடியும் காதுக்கு இது ஆகாது. வளரும் குழந்தைகளின் செவித்துளை மாறிக்கொண்டே இருப்பதால் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையே அவர்களுக்கு ஏற்றது. எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவுக் கருவியைச் சோதனையின்றி இணையத்தில் வாங்குவது காசை வீணாக்குவது மட்டுமல்ல; இருக்கும் கேட்புத்திறனுக்கும் தீங்கு செய்யலாம்.

எந்த அளவில் வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். கருவி சிறுக்கச் சிறுக்க பேட்டரியும் சிறுக்கும், ஆற்றலும் குறையும், கையாள்வதும் கடினமாகும். வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே துளைக்குள் முழுவதும் மறையும் வகையை வாங்கி, விரல் நடுக்கத்தாலும் பார்வை மங்கலாலும் அதை மாட்ட முடியாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்குக் காதுமடலின் குழிவை நிரப்பும் சற்றுப் பெரிய வகையே நல்லது.

அளவெடுக்கும்போது உட்புறத்தில் ஒரு பஞ்சுத் தடுப்பை வைத்து, மென்மையான சிலிக்கோன் பசையைத் துளையில் நிரப்புவர். சில நிமிடங்களில் இறுகும் அந்த அச்சின்படிதான் கூடு உருவாகிறது. கூட்டில் சிறு காற்றுத்துளையும் உண்டு. பேசும்போது எலும்பு, குருத்தெலும்பு வழியாகச் செவித்துளைக்கு வரும் அதிர்வு, துளை அடைபட்டால் வெளியேற முடியாமல் உள்ளேயே முழங்கும். பானைக்குள் பேசுவதுபோல என்று பலர் முறையிடுவது இதனால்தான். காற்றுத்துளை அதைக் குறைக்கிறது. அது போதாவிட்டால் ஆடியாலஜிஸ்ட் கணினியில் அமைப்பை மாற்றித் தருவார்.

சிவப்புக் குறி வலக் காதுக்கு, நீலக் குறி இடக் காதுக்கு. ஒரு கையால் காதுமடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்தபடி மறு கையால் கருவியை மெல்லத் திருகி உட்செலுத்த வேண்டும். மாட்டியதும் விசில் போன்ற ஒலி எழுந்தால், உள்ளே பெருக்கப்பட்ட ஒலி கசிந்து மீண்டும் மைக்ரோஃபோனுக்குள் போகிறது என்று பொருள். கருவி சரியாக உட்காராமல் இருக்கலாம், துளையில் குறும்பி அடைத்திருக்கலாம், உடல் மெலிந்து கூடு தளர்ந்திருக்கலாம். ஒலியளவைக் குறைத்து விசிலை அடக்குவது தீர்வன்று. காரணத்தைக் கண்டு சரிசெய்ய வேண்டும்.

இக்கருவியின் முதல் எதிரி குறும்பி. வயது வந்தவரின் செவித்துளை சுமார் இரண்டரைச் சென்டிமீட்டர் நீளம்; அதன் வெளிப்புறப் பகுதியிலுள்ள சுரப்பிகள் குறும்பியைச் சுரக்கின்றன. அது அழுக்கல்ல, தோலைக் காக்கும் பூச்சு. செவித்துளையின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்வதால் பழைய குறும்பி தானே வெளியேறும். கருவி அந்த வழியை அடைத்து நிற்கிறது. வெளியேற வேண்டிய குறும்பி ஒலிபெருக்கியின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. கருவி ‘செத்துவிட்டது’ என்று பழுதுபார்க்க வருபவற்றில் பல, உண்மையில் இந்த வாய் அடைபட்டவைதான்.

காலையில் மாட்டுவதற்கு முன் துடைப்பது நல்லது, இரவில் குறும்பி உலர்ந்திருக்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டு, ஒலி வரும் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, கூடவே தரும் சிறு தூரிகையால் தட்டிவிட வேண்டும். கீழ்நோக்கிப் பிடித்தால்தான் துகள்கள் உள்ளே விழாமல் வெளியே உதிரும். குண்டூசி, ஊக்கு, தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் கூடாது. ஒலி வாயிலுள்ள சிறு வெள்ளை வடிகட்டியை மாதத்துக்கு ஒருமுறையோ ஒலி மங்கும்போதோ மாற்ற வேண்டும். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடுவது குறும்பியை மேலும் உள்ளே தள்ளும். காதில் எண்ணெய் விடும் வழக்கத்தையும் கருவி அணிபவர்கள் கைவிட வேண்டும். அந்த எண்ணெய் வடிகட்டியில் படிந்துவிடும்.

இரண்டாவது எதிரி ஈரம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி வியர்வைதான். இரவில் கருவியைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள மூடிய டப்பாவில் வைத்தால் ஈரம் உறிஞ்சப்படும். ஈரம் நிறைந்ததும் பல வகை மணிகள் நிறம் மாறிக் காட்டும். குளியல், நீச்சல், முடிவெட்டல் ஆகியவற்றுக்கு முன் கழற்ற வேண்டும். தலைக்கு எண்ணெய், பவுடர், வாசனைத் தெளிப்பு எல்லாம் முடிந்த பிறகே மாட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கருவியுடன் நுழையவே கூடாது.

பல கருவிகள் துத்தநாக–காற்று பேட்டரியில் இயங்குகின்றன. மஞ்சள் ஒட்டுத்தாள் 10ஆம் எண், பழுப்பு 312, ஆரஞ்சு 13. ஒட்டுத்தாளைப் பிய்த்ததும் நுண்துளை வழியே காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்து வேதிவினை தொடங்கும். சில நிமிடம் காற்றாட விட்ட பிறகே கருவியில் இடவேண்டும். அவசரப்பட்டால் முழு மின்னழுத்தம் வராது. தாளைத் திரும்ப ஒட்டினாலும் வினை முழுவதும் நிற்காது. எனவே தேவைப்படும் நாளில்தான் பிய்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நீர்த்துளி படிந்து கெடும். பேரக் குழந்தைகள் உள்ள வீட்டில் இப்பேட்டரி எட்டாத இடத்தில் இருக்கட்டும். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் முதல் வாரத்தில் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். பல ஆண்டுகள் கேளாதிருந்த மின்விசிறி ஓசை, பாத்திரச் சத்தம், செய்தித்தாள் சரசரப்பு எல்லாம் திடீரெனத் திரும்பி வருகின்றன. எதை ஒதுக்கி எதைக் கவனிப்பது என்று மூளை மீண்டும் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். முதலில் அமைதியான அறையில் ஒருவருடன் உரையாடல், பிறகு தொலைக்காட்சி, கடைசியாகத் திருமண மண்டபம் என்ற வரிசையே உகந்தது. வீட்டாரும் முகம் பார்த்து, நிதானமாக, இயல்பான குரலில் பேச வேண்டும்.

மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் கருவி வீட்டில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு, அணிய வேண்டியவரை இந்த வாரமே ஒரு ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துச் செல்லுங்கள். வடிகட்டியை மாற்றி, அமைப்பைத் திருத்தினாலே பல கருவிகள் மீண்டும் பயன்படும்.