பதினைந்து வாட் சாட்சி

எத்தீரியம் என்னும் கிரிப்டோ வலைப்பின்னல், 2022 செப்டம்பர் 15 அன்று தன் பேரேட்டை எழுதும் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை அதற்காகச் செலவாகிவந்த மின்சாரத்தில் ஏறக்குறைய 99.95 விழுக்காடு ஒரே நாளில் மிச்சமாகியது. சிக்கனமான புதிய எந்திரம் எதுவும் வந்து அந்த மிச்சத்தைக் கொண்டுவரவில்லை. லட்சக்கணக்கான எந்திரங்கள் இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த பந்தயமே வேண்டாம் என்று நிறுத்தப்பட்டதுதான் காரணம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினியை வீட்டு மூலையில் வைத்து இந்த வலைப்பின்னலுக்குச் சேவை செய்யலாம் என்ற பேச்சும் பரவலாக உண்டு. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று அறிய, முதலில் அந்தப் பந்தயம் எதற்காக ஓடியது என்று பார்க்க வேண்டும்.

பிளாக்செயின் என்பது தனியொருவருக்குச் சொந்தமில்லாத ஒரு பொதுப் பேரேடு. உலகெங்கும் உள்ள கணினிகள் அதன் படிகளை வைத்திருக்கின்றன. ‘பிளாக்’ எனப்படும் அடுத்த பக்கத்தை எழுதும் கணக்குப்பிள்ளை யார் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும். பிட்காயினில் (2022 மாற்றம் வரை எத்தீரியத்திலும் இப்படித்தான்) கடினமான ஓர் எண் புதிருக்கு முதலில் விடை கண்டவருக்கே அந்த உரிமை கிடைக்கிறது. யோசித்து விடை காணும் வழி அந்தப் புதிருக்குக் கிடையாது, ஊகித்து ஊகித்துப் பார்ப்பது ஒன்றே வழி என்பதால், அதிக எந்திரம் வைத்திருப்பவருக்கே வாய்ப்பும் அதிகம். இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட ஆண்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற எந்திரம் 3250 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 78 யூனிட். இவ்வளவு மின்சாரமும் கணக்கெழுதுவதற்குத் தேவைப்படுவதில்லை. ஏமாற்ற நினைப்பவரும் இதே அளவு எரித்தாக வேண்டும் என்ற தடைதான் பேரேட்டின் காவல்.

மின்சாரத்தை எரிப்பதற்குப் பதிலாகப் பணத்தைப் பிணையாக வைக்கச் செய்தால் அதே காவல் கிடைக்காதா என்ற எண்ணத்தை 2012இல் வெளியான பியர்காயின் என்ற கிரிப்டோ நாணயம் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எத்தீரியம் இன்று பின்பற்றும் முறையில், அதன் நாணயமான ஈதரில் 32ஐப் பிணையாகக் கட்டியவர் ‘வேலிடேட்டர்’, அதாவது சரிபார்ப்பவர் ஆகிறார். எழுதும் வாய்ப்பு குலுக்கலில் வருகிறது. நேர்மையாக நடந்தால் சிறிது வருமானம், பொய்க் கணக்கு எழுதினால் பிணையிலிருந்து வெட்டு. இவ்வாறு பிணை வைத்து வருமானம் பெறுவதையே ‘ஸ்டேக்கிங்’ என்கிறார்கள். ஜாமீன் கட்டியவர் வாய்தா தவறாமல் வந்து நிற்க வேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரே வேறுபாடு, இங்கே வாய்தா ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது.

எத்தீரியத்தின் காலம் 12 விநாடி கொண்ட ‘ஸ்லாட்’களாகவும், 32 ஸ்லாட்கள் சேர்ந்த ‘எபோக்’களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு எபோக் 6.4 நிமிடம். ஒவ்வொரு எபோக்கிலும் ஒருமுறை, ஆக நாளொன்றுக்கு 225 முறை, வேலிடேட்டர் ‘இந்தப் பக்கம் சரி’ என்று சாட்சிக் கையொப்பம் இட்டு அனுப்ப வேண்டும். பக்கத்தைத் தானே எழுதும் முறை அபூர்வமாகவே வாய்க்கிறது. பத்து லட்சம் வேலிடேட்டர்கள் இருக்கும்போது, நாளொன்றுக்கு 7200 ஸ்லாட் என்ற கணக்கில், சராசரியாக நாலரை மாதத்துக்கு ஒருமுறை. கையொப்பம் இடுவதற்கு எவ்வளவு சிறிய சில்லும் போதும் என்பதால், ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் மீது தொடக்கம் முதலே பலருக்குக் கண் இருந்தது. நிம்பஸ் என்ற மென்பொருள் இத்தகைய எளிய வன்பொருளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

ஆனால் கையொப்பம் இடுவது வேறு, எதில் கையொப்பம் இடுகிறோம் என்று படித்துப் பார்ப்பது வேறு. 2022 மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு வேலிடேட்டரும் இரண்டு மென்பொருள்களைச் சேர்த்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று, சாட்சிகளைத் திரட்டி எது சரியான பேரேடு என்று முடிவு செய்வது. நிம்பஸ், லைட்ஹவுஸ், டெக்கு ஆகியவை இவ்வகை. மற்றொன்று, பக்கத்திலுள்ள ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தானே நிகழ்த்திப் பார்த்து இருப்புத் தொகைகளைச் சரிபார்ப்பது. கெத், நெதர்மைண்ட், பெசு ஆகியவை இவ்வகை. இந்த இரண்டாவதன் சுமை கணிப்பானை விட நினைவகத்தின் மீதும் வட்டின் மீதும்தான் அதிகம் விழுகிறது. கோடிக்கணக்கான கணக்குகள் வட்டெங்கும் சிதறிக் கிடக்க, ஒவ்வொரு 12 விநாடிக்கும் அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுத்துத் திருத்தி எழுத வேண்டும்.

ஆகவே சிறு கணினியில் ஸ்டேக்கிங் செய்பவர் முதலில் வட்டைத்தான் பார்க்கிறார். சிறு கணினிகளோடு வழக்கமாக வரும் எஸ்டி கார்டு, இடைவிடாத எழுத்தைத் தாங்காமல் விரைவில் தேய்ந்துபோகும். மலிவு விலை எஸ்எஸ்டிகள் பலவும் இதற்கு உதவாதவை. தனக்கென்று இடைநினைவகம் இல்லாமல், ஒரு செல்லில் நான்கு பிட்டுகளைத் திணித்துச் செய்யப்பட்ட வட்டு, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வேகமாகத் தோன்றினாலும், சிதறிய சிறு எழுத்துகள் மணிக்கணக்கில் தொடரும்போது திணறிப் பின்தங்கிவிடுகிறது. வட்டு பின்தங்கினால் சாட்சி தாமதமாகிறது. தாமதமான சாட்சிக்கு வருமானம் குறைவு. யூஎஸ்பி வழியாக வட்டை இணைக்க வேண்டியிருந்த ராஸ்பெரி பை 4ஐ விட, பின்னர் வந்த ராஸ்பெரி பை 5, ராக் 5பி போன்ற பலகைகள் ஏற்றவையாகக் கருதப்படுவதற்குக் காரணம், என்விஎம்இ வட்டை நேரடியாக இணைக்கும் வழியும் 16 ஜிபி வரை நினைவகமும் அவற்றில் இருப்பதே. வாங்குபவரின் பணத்தில் கணிசமான பங்கு, பலகைக்கு அல்லாமல் 2 டிபி அல்லது 4 டிபி வட்டுக்கே போகிறது.

மின்சாரக் கணக்கு இனி எளிது. அத்தகைய பலகை வட்டோடு சேர்த்து 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டின் இரண்டு மாத மின்கணக்கில் 21.6 யூனிட் கூடும். 25 வாட் இழுக்கும் ஒரு மினி பிசி 36 யூனிட் கூட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அற்பம். அதற்காகத் திணறும் பலகையைத் தேர்வது புத்திசாலித்தனம் ஆகாது. பந்தயத்தை நிறுத்தியதிலேயே பெரும் மிச்சம் முடிந்துவிட்டது.

குறைந்த வாட்டின் உண்மையான பயன் மின்தடையின்போதே தெரிகிறது. வீடுகளில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதியை மட்டுமே நம்பினாலும் 900 வாட்-மணி கிடைக்கும். 15 வாட் பலகையையும் 10 வாட் ரவுட்டரையும் சேர்த்து அது ஒன்றரை நாள் தாங்கும். 100 வாட் மேசைக் கணினி என்றால், ரவுட்டரோடு சேர்த்து ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான்.

மின்சாரம் திரும்பி வந்த பின்னரும் ஒரு கண்ணி இருக்கிறது. ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. அணைந்த பலகை மீண்டும் எழும்போது, கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்த பிறகு தன்னைத் திருத்திக்கொள்ளும். ரவுட்டர் எழுவதற்குப் பலகையை விடக் கூடுதல் நேரம் பிடிப்பது வழக்கம்; அந்த இடைவெளியில் தொடங்கிவிட்ட வேலிடேட்டர், எப்போதோ முடிந்துபோன ஸ்லாட்டை நடப்பு ஸ்லாட் என்று நம்பிக்கொண்டிருக்கும். நேரம் சரியான பிறகே மென்பொருள் தொடங்க வேண்டும் என்று கட்டளை எழுதி வைப்பது இதற்காகவே. நேரப் பிழை பெரிய இடத்திலும் நேர்ந்திருக்கிறது: 2020 ஆகஸ்டில், மெடல்லா என்ற சோதனை வலைப்பின்னலில் பெரும்பாலோர் பயன்படுத்திய மென்பொருள், தான் நம்பிய ஆறு நேர வழங்கிகளில் ஒன்று 24 மணி நேரம் முந்திக் காட்டியதால் சராசரியாக நான்கு மணி நேரம் பிசகியது, வலைப்பின்னலே பல நாட்கள் தடுமாறியது.

கணினி சிறிது நேரம் அணைந்து கிடப்பதைப் பற்றிப் பலருக்கும் உள்ள அச்சம் மிகையானது. சாட்சி சொல்லத் தவறினால், சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சற்றுக் குறைவான தொகையே கழிகிறது. ஒரு நாள் அணைந்தால் ஏறத்தாழ ஒரு நாள் சம்பாத்தியம் போயிற்று என்று கொள்ளலாம். கொடிய தண்டனை வேறொன்றுக்கு உண்டு. ஒரே ஸ்லாட்டுக்கு முரணான இரண்டு பக்கங்கள் எழுதினாலோ, ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு சாட்சிகள் சொன்னாலோ ‘ஸ்லாஷிங்’ என்ற வெட்டு விழுந்து, வேலிடேட்டர் வலைப்பின்னலிலிருந்தே வெளியேற்றப்படுகிறார். இதில் சிக்கியவர்களில் பலர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். ஒரு கணினி அணைந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்று ஒரே கையொப்பச் சாவியை இரண்டு கணினிகளில் போட்டு வைத்தவர்கள். இந்த ஒரு தொழிலில், மாற்று ஏற்பாடு செய்து வைக்காத சோம்பேறிக்கே பாதுகாப்பு அதிகம்.

ஆனால் கணினியைத் தேவைக்கு மட்டும் சரியாக அளந்து வாங்குவதும் பிழை. 2023 மே 11, 12 தேதிகளில், பழைய சாட்சிகளை மீண்டும் சரிபார்க்கும் வேலை திடீரெனக் குவிந்து, பிரிஸம், டெக்கு ஆகிய மென்பொருள்களை ஓட்டிய கணினிகள் நினைவகமும் கணிப்பானும் திணறி நின்றன. பேரேடு உறுதியாவது முதல் நாள் சுமார் 25 நிமிடமும் மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தடைப்பட்டது. அமைதியான நாளில் பாதி வேலையில்லாமல் கிடக்கும் கணினியே அத்தகைய நாளில் தாக்குப்பிடிக்கும்.

பிறருக்காக ஸ்டேக்கிங்கைச் சேவையாக நடத்துபவருக்கு இந்த மின்சாரக் கணக்கு இன்னும் சாதகமானது. பேரேட்டைப் படிக்கும் பெருஞ்சுமை கணினிக்கு ஒருமுறைதான்; அதன்மேல் ஒரு வேலிடேட்டரின் சாவியைச் சேர்த்தாலும் இருபது பேரின் சாவிகளைச் சேர்த்தாலும் மின்சாரம் பெரிதாகக் கூடுவதில்லை. கையொப்பச் சாவி வேறு, பிணையைத் திரும்பப் பெறும் உரிமை வேறு என்று எத்தீரியம் பிரித்து வைத்திருப்பதால், சேவை நடத்துபவரால் பிறர் பணத்தை எடுத்துச் செல்ல முடியாது. கவனக்குறைவால் இழக்கச் செய்ய முடியும், அவ்வளவே. 2023 ஏப்ரல் வரை பிணையைத் திரும்ப எடுக்க யாருக்குமே வழி இருக்கவில்லை. இந்தியாவில் ஈதர் போன்ற கிரிப்டோ சொத்தை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி விதிக்கப்படுவதும், ஈதரின் விலை ஏறி இறங்குவதும், மின்கட்டணத்தை விடப் பன்மடங்கு பெரிய செய்திகள்.

சிறு பலகைகளின் எதிர்காலத்தை வலைப்பின்னலின் வளர்ச்சிதான் முடிவு செய்யும். ஒரு பக்கத்தில் எவ்வளவு எழுதலாம் என்பதை அளக்கும் ‘கேஸ்’ வரம்பு, 2025ஆம் ஆண்டுக்குள்ளேயே 3 கோடியிலிருந்து 6 கோடியாக உயர்த்தப்பட்டது. 12 விநாடி மாறவில்லை, படிக்க வேண்டிய பக்கம் இருமடங்கு நீண்டுவிட்டது. மறுபுறம், 2022 மாற்றத்துக்கு முந்தைய பழைய பரிமாற்ற வரலாற்றை ஒவ்வொருவரும் சுமக்கத் தேவையில்லை என்று 2025 ஜூலையில் முடிவாகி, மென்பொருள்கள் எல்லாம் அதை நீக்கும் வசதியைப் பெற்றன. அந்த ஒரு நீக்கத்தில் வட்டில் 300 முதல் 500 ஜிபி வரை காலியாகிறது. இடம் போதாமல் திணறிக்கொண்டிருந்த 2 டிபி வட்டுகள் பலவற்றுக்கு, புதிதாக எதுவும் வாங்காமலே, இன்னும் சில காலம் ஓட இடம் கிடைத்திருக்கிறது.