லோரி ஓட்டுநருக்கான மருத்துவப் பரிசோதனை: நெஞ்சு படபடத்தால் தகுதி போய்விடுமா?

மாணவர்களே, என்னிடம் படித்த ஒருவர், ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, சில காலத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். லோரி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் ஆசை. சரக்கு லோரி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். லைசென்ஸுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அதற்காகக் கிளினிக் போன இடத்தில் அவருடைய இரத்த அழுத்தத்தின் மேல் எண் 158 காட்டியது. "சார், எனக்கு இருதய நோய் போலிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் சொன்னார். பதற்ற நோய்க்காகச் சில மாதங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். "அதை டாக்டரிடம் சொல்லாதே, மாத்திரையை நிறுத்திவிடு" என்று நண்பர்கள் அறிவுரை கூறியிருக்கிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் அறிவியலில் பதில் உண்டு.

முதல் கேள்வி: அந்த 158 எப்படி வந்தது? ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இருதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கிய 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்ற நிலை இதுதான். காட்டில் புலி துரத்தினால் இது உயிரைக் காக்கும். கிளினிக்கில் புலி இல்லை. ஆனால் வேலை கிடைக்குமா என்ற பயம் இருக்கிறது. உடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

1983இல் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே மான்சியாவும் அவருடைய குழுவினரும் மருத்துவமனை நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். மருத்துவர் அளக்க வந்த முதல் சில நிமிடங்களில் மேல் எண் சராசரியாக சுமார் 27 புள்ளி ஏறியது. பத்து நிமிடங்களுக்குள் பெரும்பாலும் இறங்கியும் விட்டது. 'வெள்ளை அங்கி விளைவு' என்பது இதன் பெயர். அதனால்தான் ஒரே ஓர் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது என்கிறார்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். கை இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் காப்பியும் சிகரெட்டும் கூடாது. பிறகு மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும், வேறு நாள்களிலும், 140/90க்கு மேலேயே இருந்தால் அது வெறும் பயம் அல்ல, சிகிச்சை தேவை.

இரண்டாவது கேள்வி: பதற்ற நோயை மறைக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் மூன்று விநாடி கண் அசந்தால் 66 மீட்டர். பல டன் எடையுள்ள வண்டி, ஆயர் குரோ நெடுஞ்சாலையில், முன்னால் ஒரு குடும்பத்தின் கார். ஆகவே மருத்துவர் பார்ப்பது "இவர் பயப்படுகிறாரா?" என்பதை அல்ல, "இவர் பாதுகாப்பாக ஓட்டுவாரா?" என்பதைத்தான். நோய் கட்டுக்குள் இருக்கிறதா, திடீர்ப் பீதி வருகிறதா, மாத்திரை தூக்கம் தருகிறதா என்று அவர் கேட்பார். பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. டயசெபம் போன்றவை தூக்கத்தை வரவழைத்து, கை கால் செயல்படும் வேகத்தைக் குறைக்கும். வேறு சில மருந்துகளில் அந்தத் தொல்லை குறைவு. எந்த மருந்து என்று தெரிந்தால்தானே மருத்துவர் மாற்றித் தர முடியும்?

மாத்திரையைத் தானாகத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். அடங்கியிருந்த பதற்றம் பலமாகத் திரும்பலாம். சில மருந்துகளை அப்படி நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பரிசோதனையில் தேறுவதற்காக நிறுத்தியவர், ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதுதான் அதன் விளைவை அனுபவிப்பார்.

என் மாணவர் மறுபடியும் போய் உண்மையைச் சொன்னார். அன்று கையெழுத்து கிடைக்கவில்லை. சிகிச்சை தரும் மருத்துவரிடமிருந்து கடிதம் வேண்டும், சில மாதம் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அவருக்கு வருத்தம்தான். மாத்திரை மாறியது, மூச்சை மெதுவாக இழுத்து விடும் பயிற்சியும் பழகினார். அடுத்த முறை படிவத்தில் கையெழுத்து விழுந்தது. மேல் எண் முதலில் 146, ஐந்து நிமிடம் கழித்து 132.

உங்களிலும் சிலருக்குத் தேர்வு நாளில் கை நடுங்கும். அது உடல் செய்யும் வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் படிப்பும் கெட்டால் ஆசிரியரிடமோ, அரசாங்கக் கிளினிக்கிலோ சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. லோரி ஓட்டும் ஆசை இருந்தால், அதற்கான பாதை மறைப்பதில் அல்ல, சொல்வதில்தான் தொடங்குகிறது.