கடலில் கரைத்த இரும்பு

கரோல் பாக் சந்தில் காலையில் கபாடிக்காரர் "லோஹா, ரத்தி பேப்பர்" என்று கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வரும். லோஹா என்றால் இரும்பு என்பது தில்லிக்கு வந்த புதிதில் நாம் எல்லோரும் கற்ற பாடம். அந்தச் சொல்லே ஒரு கடல் சோதனைக்கும் பெயராயிற்று: லோஹாஃபெக்ஸ்.

அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளம், இரும்புக்குத்தான் பஞ்சம். இரும்பைத் தூவினால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் செழிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு அவற்றின் உடலில் கரியாகச் சேரும். பாசி மடிந்து மூழ்கும்போது அந்தக் கரியும் ஆழத்துக்குப் போய்விடும். இதுதான் எதிர்பார்ப்பு. நம் வண்டிகளும் அனல் மின் நிலையங்களும் கக்கும் வாயுவுக்கு இது பரிகாரமாகுமா?

2009 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும், ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் புறப்பட்டன. வாஜி நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை ஏற்றனர். சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. ஜெர்மன் அரசு சோதனையை நிறுத்தி வைத்து, மறுபரிசீலனைக்குப் பின்பே அனுமதித்தது.

சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட் கரைக்கப்பட்டது. கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அப்படி ஆகவில்லை. இரண்டே வாரத்தில் பாசி இரட்டிப்பானது. ஆனால் கோப்பிபாட் என்னும் சிறு உயிரிகள் வந்து மேயத் தொடங்கின. அவற்றை இறாலுக்கு உறவான ஆம்ஃபிபாடுகள் தின்றன. தின்றவை மூச்சுவிட, கரி பெரும்பாலும் மேல்நீரிலேயே தங்கிவிட்டது. ஆழத்துக்குப் போனது மிகச் சொற்பம்.

காரணம் சிலிக்கா. டயாட்டம் என்ற பாசிக்குக் கண்ணாடி போன்ற ஓடு உண்டு. அது எளிதில் இரையாகாது. ஆனால் ஓடு கட்ட நீரில் சிலிக்கா வேண்டும். அந்தப் பகுதியில் அது ஏற்கனவே தீர்ந்திருந்தது. வளர்ந்ததெல்லாம் ஓடில்லாத மென்மையான பாசி. 2004-ல் இதே கப்பல் சிலிக்கா உள்ள நீரில் நடத்திய சோதனையில் டயாட்டங்கள் பெருகின. அந்தப் பாசித்திரளில் பாதியாவது 1000 மீட்டருக்குக் கீழே மூழ்கியதாக 2012-ல் ஆய்வு முடிவு வெளியானது.

வயலுக்கு உரம் போட்டால் போதுமா? என்ன முளைக்கிறது, எது மேய்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? கடலுக்கும் அதே கணக்குத்தான். லோஹாஃபெக்ஸ் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் விடுகிற வாயுவைக் கடல் விழுங்கிக்கொள்ளும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது என்பதை அந்தப் பயணம் நமக்குச் சொல்லிவிட்டது.